பேட்டரி தீர்ந்த இடம்

விழுப்புரத்தில் ஒரு கல்லூரி அரங்கம். மேலே தகரக் கூரை. மின்விசிறிகள் சுற்றுகின்றன, காற்று மட்டும் வரவில்லை. மேடையில் என் தம்பி சகாயம், ஒரு கையில் மைக், மறு கையில் அதன் ஒயரைச் சுருட்டிப் பிடித்தபடி நிற்கிறான். அவனுக்குப் பின்னால் அவன் வகுப்புப் பையன் ஒருவன் மர நாற்காலியைக் கவிழ்த்துப் போட்டுத் தாளம் தட்டுகிறான்.

நான் கூட்டத்தோடு உட்கார்ந்து ரசித்துக்கொண்டிருந்தேன் என்று எழுத ஆசைதான். ஆனால் காலில் சக்கரம் கட்டியவள் நான் என்பது இத்தனை வாரமாக இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களுக்குத் தெரியும். சுவரோரமாக நின்று கால் மாற்றிக்கொண்டு, முந்தானை நுனியைக் கயிறாகத் திரித்துக்கொண்டிருந்தேன்.

சகாயம் பாடவில்லை. தாளத்துக்குள் பேசினான்.

"டவுன் பஸ்ஸு வரல, வெயிலு வந்துச்சி.
வெயிலு போவல, மழையும் வரல.
குந்திக்கினு கீறேன் கூட்டேரிப்பட்டுல.
எங்க போவணும்னு எனக்கே தெரில."

சுறுசுறுப்பாகத் தொடங்கியவன் போகப் போக வேகத்தைக் குறைத்தான். குரல் கனத்தது. கடைசியில் அந்தத் 'தெரில' மட்டும் இழுபட்டு, அடித்தொண்டைக்கு இறங்கி, வயிற்றுக்குள் போய், அங்கேயே அடங்கிவிட்டது. நாற்காலித் தாளமும் நின்றது. சகாயம் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு சும்மா நின்றான். பிறகு வாயைத் திறக்காமல் ஒரு மாதா பாட்டின் முதல் இரண்டு அடிகளை 'ம்ம்' என்று முனகி முடித்தான்.

யாரும் கைதட்டவில்லை. தட்டலாமா வேண்டாமா என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அதற்குள், சென்னையிலிருந்து வந்திருந்த நடுவர் தன் மேசையிலிருந்த மைக்கை எடுத்துவிட்டார்.

அவர் சொன்னதைக் கேட்பதற்கு முன்னால் நீங்கள் ஒரு கல்யாணத்துக்கு வர வேண்டும்.

கல்யாணத்துக்கு வந்த கேசட்

எங்கள் வீடு திண்டிவனத்தில். அப்பா மல்லாட்டை மண்டியில், அதாவது நிலக்கடலை மண்டியில், எடை போடுபவர். அம்மா வழியில் பாதி உறவு புதுச்சேரி. அந்தப் பாதியில் பாதி பிரான்ஸ். தாத்தா காலத்தில் யாரோ ஒருவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்துவிட, அந்தக் கிளை மொத்தமும் பாரிசுக்குப் போய்விட்டது. கல்யாணம், சாவு என்றால் மட்டும் வருவார்கள். வரும்போது ஒரு வாசனை வரும். சோப்பா, சாக்லேட்டா, பெட்டிக்குள் இருந்த துணியா என்று பிரித்துச் சொல்ல முடியாத வாசனை.

அந்தக் கல்யாணத்துக்குப் பெரியம்மா மகன் ஜெரார் அண்ணன் வந்தார். தொளதொள பேண்ட். காதில் எந்நேரமும் வாக்மேன். கோயிலில் தாலி மந்திரிப்பில் பாதிரியார் 'சம்மதமா' என்று மணப்பெண்ணைக் கேட்டுக்கொண்டிருக்கிறார், இவர் தலை ஆடிக்கொண்டிருக்கிறது. அப்பா பல்லைக் கடித்தார். சகாயமோ அவருக்கு வால் முளைத்த மாதிரி பின்னாலேயே சுற்றினான்.

கல்யாணச் சந்தடியில் ஒருமுறை அந்தக் காதுப்பஞ்சில் ஒன்றைச் சகாயம் காதிலும் ஒன்றை என் காதிலும் வைத்தார். பக்கத்தில் நாதஸ்வரம். எதிரே இலை போடும் சத்தம். அதற்கு நடுவில் ஒரு ஆள் கோபமாக எதையோ சொல்லிக்கொண்டிருந்தான். ஒரு வார்த்தை விளங்கவில்லை. எங்களோடு பேசுகிறான் என்பது மட்டும் விளங்கியது.

"பாட்டா இது?" என்றேன்.

"பாட்டு இல்ல தங்கச்சி. அவங்க தெருவ சொல்றான். அமெரிக்காவுல, நியூயார்க்ல. எங்க பேட்டையில எல்லா பையனும் இதத்தான் கேக்கறான்" என்றார் ஜெரார் அண்ணன்.

அந்த ஆல்பத்தின் பெயரை நான் எழுதப் போவதில்லை. எழுதினால், என் மகளைப் போன்றவர்கள் அதன் வரலாற்றைத் திருத்திப் பக்கம் பக்கமாகக் கடிதம் போடுவார்கள். மாடிப்படியில் சிலர் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும் அட்டைப்படம். இன்றைக்கும் அதைப் பற்றிக் கட்டுரைகள் வருகின்றன. எந்தெந்த நாட்டில் யார் யார் அதைக் கேட்டுவிட்டு மைக்கைப் பிடித்தார்கள் என்று பட்டியல் போடுகிறார்கள். திண்டிவனம் அதில் ஒருமுறைகூட வந்ததில்லை. இந்த வாரம் என் எரிச்சலே அதுதான்.

பாய் கடையில் ஒரு பிற்பகல்

அண்ணன் ஊருக்குத் திரும்பும் நாள் வந்தது. மெட்ராஸ் பஸ்ஸைப் பிடித்து விமான நிலையம் போக வேண்டும். சகாயம் அந்தக் கேசட்டை ஒரு காப்பி எடுத்துக்கொள்ளக் கெஞ்சினான். மூன்று பேரும் பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருந்த ஜாபர் பாயின் ரெக்கார்டிங் சென்டருக்கு ஓடினோம்.

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். அப்போதெல்லாம் வெற்றுக் கேசட்டைக் கொடுத்து, வேண்டிய பாட்டுகளைச் சொன்னால் பதிந்து தருவார்கள். அதற்கென்றே ஊருக்கு நாலு கடை. ஜாபர் பாய் கடையில் இரண்டு வழக்கம் உண்டு. பதியும்போது சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்துவிடுவார். நாள் முழுக்கக் கேட்டால் காது போய்விடும் என்பார். இன்னொன்று, பாட்டு முடிந்து டேப் மிச்சமிருந்தால் வெறுமனே விடமாட்டார். கிறிஸ்தவர்கள் கேசட் என்றால் மாதா பாட்டு. இந்துக்கள் என்றால் மயிலம் முருகன் பாட்டு. அவருடைய ஆட்கள் என்றால் நாகூர். யாரும் கேட்காமலே போட்டுத் தருவார்.

அன்றைக்கு அவருடைய டபுள் டெக்கில், அதாவது இரண்டு கேசட் போடும் மெஷினில், ஒன்று பழுது. அதனால் அண்ணனின் வாக்மேனையே ஒயர் போட்டு டெக்கோடு இணைத்தார். ஒரு பக்கம் ஓடத் தொடங்கியதும் எங்களைப் பார்த்து, "குந்துங்க, டீ சாப்டுங்க. அது பாட்டுக்கு ஓடும்" என்றார்.

எனக்கு எங்கே குந்துவது. வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்துகொண்டிருந்தேன். அண்ணன் மணியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கேசட்டைத் திருப்பிப் போட்டு, அடுத்த பக்கமும் ஓடி, வாக்மேன் நின்றது. பாட்டு முடிந்துவிட்டது என்று பாய் எடுத்துக் கொடுத்தார். அண்ணன் அதை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, ஓடுகிற பஸ்ஸில் தொற்றிக்கொண்டார். பாய் மிச்ச டேப்பில் மாதா பாட்டைப் போட்டார்.

கல்யாணம் முழுக்க ஓடிய வாக்மேன் அது. அதன் பேட்டரி உயிரை விட்டுக்கொண்டிருந்ததை நாங்கள் யாரும் கவனிக்கவில்லை. சத்தம் இருந்தால்தானே கவனிப்பதற்கு.

கூட்டேரிப்பட்டு வரைக்கும்

ஆக எங்களுக்குக் கிடைத்த ஆல்பம் இப்படி இருந்தது. முதல் பாட்டில் அந்த ஆள் கோபமாக, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பேசுகிறான். நடுவில் கொஞ்சம் நிதானம் வருகிறது. அடுத்த பக்கத்தில் குரல் கனக்கிறது, வார்த்தைக்கு வார்த்தை இடைவெளி விழுகிறது. கடைசிப் பாட்டில் அவனால் முடியவில்லை. ஒரு வார்த்தையின் நடுவில் குரல் பூமிக்குள் இறங்கி அடங்கிவிடுகிறது. கொஞ்ச நேரம் அமைதி. பிறகு மாதா பாட்டு.

மாதா பாட்டு பாயின் வேலை என்று எங்களுக்குத் தெரியும். மற்றதெல்லாம் அந்த நியூயார்க்காரனின் வேலை என்று முழுமனதாக நம்பினோம். நம்பாமல் என்ன செய்வது? அசலை நாங்கள் கேட்டது நாதஸ்வரத்துக்குப் பக்கத்தில், ஒரே ஒருமுறை.

"அக்கா, இந்தாளு ஒரு நாளு முழுக்க பேசறான் பாரு. காலம்பற தெம்பா கிளம்பறான். சாயங்காலம் வீடு வந்து சேர்றதுக்குள்ள செத்துப் போறான். அப்பா மண்டிக்குப் போய் வர்ற மாதிரியே கீது" என்றான் சகாயம்.

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இன்றைக்கு நினைத்தாலும் அந்த விளக்கத்தில் எனக்குக் குற்றம் தெரியவில்லை.

அப்போது நாங்கள் இருவரும் விழுப்புரத்தில் ஒரே கல்லூரி. நான் எம்.ஏ., அவன் பி.எஸ்ஸி. தினமும் திண்டிவனத்திலிருந்து பஸ். மயிலம் போகிறவர்கள் கூட்டேரிப்பட்டில் இறங்குவார்கள், அங்கே கொஞ்சம் காற்று வரும். அதுவரை படிக்கட்டில் தொங்கிக்கொண்டே சகாயம் தாளத்துக்குப் பேசிப் பழகினான். முதலில் அர்த்தம் தெரியாத ஆங்கிலத்தை அப்படியே சொன்னான். பிறகு அந்த இடங்களில் எங்கள் ஊர்ப் பேச்சைப் போட்டான். வராத பஸ், மண்டித் தூசி, ஹால் டிக்கெட், திருவெண்ணெய்நல்லூரிலிருந்து கரும்பேற்றி வந்து சாலையை அடைத்து நிற்கும் லாரி எல்லாம் வரும். எதைப் பேசினாலும் வேகமாகத் தொடங்கி, போகப் போகக் கனத்து, கடைசியில் அடங்கிப் போவான். அடங்கியதும் ஒரு அமைதி. பிறகு அந்த 'ம்ம்'.

"மாதா பாட்டு எதுக்குடா? அது பாய் போட்டது."

"இருக்கட்டும் அக்கா. செத்தவன அப்படியே உட்டுட்டுப் போவ முடியுமா?"

வீட்டில் அப்பாவுக்கு முன்னால் வாய் திறக்காதவன் அவன். பாதிரியார் கேட்டால் நான் பதில் சொல்வேன். பேராசிரியர் கேட்டால் அவன் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அந்தப் படிக்கட்டில் மட்டும்தான் அவனுக்குக் குரல் இருந்தது. கல்லூரி விழாவில் பெயர் கொடுத்துவிட்டு நேராக என்னிடம் வந்தான். "இத மட்டும் சரியா செஞ்சிட்டா, அப்பாகிட்டகூட பேசிடுவேன் அக்கா" என்றான்.

மேசை மைக்

இப்போது அந்தத் தகரக் கூரைக்குக் கீழே திரும்பி வருவோம். நடுவர் மைக்கை எடுத்தார். கெட்டவர் இல்லை. சிரித்த முகம்தான்.

"தம்பி, நல்ல முயற்சி. நீங்க எதக் கேட்டுட்டு வந்திருக்கீங்கன்னு எனக்குத் தெரியுது. என் அக்கா பையன் அமெரிக்காவுலேர்ந்து எனக்கு அனுப்பினான். ஆனா அது இவ்வளவு ஸ்லோ இல்லப்பா. கடைசில இப்படி உயிர் போறதும் இல்ல. உங்க வாக்மேன்ல பேட்டரி வீக்கு. அதையும் சேர்த்து மனப்பாடம் பண்ணிட்டீங்க."

அரங்கம் வெடித்தது. பெஞ்சைத் தட்டினார்கள். விசில் பறந்தது. பின்வரிசையில் எவனோ "பேட்டரி!" என்று கத்தினான். அப்புறம் மொத்தக் கூட்டமும் "பேட்டரி! பேட்டரி!" என்று தாளம் போட்டது.

சகாயம் மைக்கைத் தரையில் வைத்தான். அவ்வளவு மெதுவாக, தூங்குகிற குழந்தையைப் படுக்க வைப்பதுபோல வைத்தான். இறங்கிப் போய்விட்டான்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த நடுவரின் மேசையைக் கவிழ்த்திருப்பேன். ஆனால் அவர் சொன்னது உண்மையாக இருந்துவிட்டால்? பஸ்ஸை விட்டு இறங்கி நேராக ஜாபர் பாயிடம் போனேன். கேசட்டை அவரிடம் நீட்டி, முதல் பாட்டையும் கடைசிப் பாட்டையும் போட்டுக் கேளுங்கள் என்றேன். ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டார். முகம் சுருங்கியது.

"ஆமாம்மா. இறங்குது. கடைசில பேட்டரி தீர்ந்தே போச்சி."

"நீங்க அப்பவே கேக்கலியா பாய்?"

"நான் பாட்டு கேக்கறவன் இல்லம்மா. பாட்டு ஏத்தறவன்" என்றார். பிறகு நெற்றியைத் தேய்த்துக்கொண்டு, "தம்பிக்கு ரொம்ப பேஜாராயிடுச்சா?" என்று கேட்டார்.

பேஜார் என்பது சின்ன வார்த்தை. கல்லூரியில், பஸ்ஸில், மாதா கோயில் வாசலில், எங்கே போனாலும் சகாயத்துக்குப் பெயர் பேட்டரி. படிப்பை முடித்தான், அதற்கு மேல் போகவில்லை. ஷேர் ஆட்டோ ஓட்டினான். எந்த மேடையும் ஏறவில்லை. என் கல்யாணத்தில் பெண்ணின் தம்பியாக நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள், சமையல் கட்டுக்குப் போய் நின்றுகொண்டான். கோயிலில் வாசகம் படிக்கக் கூப்பிட்டால் தொண்டை சரியில்லை என்பான். அந்தக் கேசட்டும் அவன் டிரங்குப் பெட்டிக்குள் போய்விட்டது.

தாவணி கீது, வேட்டி கீது

கேசட் போய் சி.டி. வந்தது. ரெக்கார்டிங் சென்டர்கள் ஒவ்வொன்றாகச் சாத்தின. ஜாபர் பாய் மட்டும் புத்திசாலித்தனமாக விளம்பர ஆட்டோவுக்கு மாறினார். கடைக்காரர்கள் சொல்வதைக் குரல் கொடுத்துப் பதிந்து, ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோவில் தெருத்தெருவாக ஓடவிடும் தொழில். அவரிடம் குரல் கொடுத்தவர் சென்னைக்குப் போய்விட்டார். தீபாவளிக்கு ஒரு துணிக்கடை ஆர்டர் வந்து நின்றது. பாய் ஆட்டோ ஸ்டாண்டுக்கு வந்தார். அந்த நேரம் பார்த்து நானும் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு அங்கே நின்றிருந்தேன்.

"சகாயம், கொரல் குடு."

"வேற ஆளப் பாரு பாய். நமக்கு பேட்டரி வீக்கு."

"அதான்டா வேணும் எனக்கு. மத்தவனுங்க எல்லாம் ஜல்தி ஜல்தியா பேசறானுங்க. வண்டி தெரு முனைய தாண்டறதுக்குள்ள முழு கடையையும் சொல்லி முடிச்சிடறான். உள்ள சோறு வடிச்சிக்கினு கீற பொம்பள வாசலுக்கு வர்றதுக்குள்ள வண்டி போயிடுது. நீ மெல்லமா சொல்லு. கடைசில உன்னுது ஒண்ணு இறங்குமே, அதப் போடு. இன்னாடா, இவன் கொரலு செத்துப் போச்சேன்னு எட்டிப் பாக்க வருவாங்க. வந்தா கடை பேர பாப்பாங்க."

சகாயம் என்னைப் பார்த்தான். நான் மகளை இடுப்பு மாற்றி வைத்துக்கொண்டேன்.

"மூஞ்சி தெரியக் கூடாது. பேர் சொல்லக் கூடாது" என்றான்.

கம்பளி தொங்கவிட்ட ஒரு சின்ன அறையில் பதிந்தார்கள். சில நாள் கழித்து எங்கள் தெருவில் அது வந்தது.

"தாவணி கீது. பட்டு கீது. பாவாட கீது. மாப்ளைக்கு வேட்டி கீது. எல்லாம் இங்க கீது. நீங்க எங்க கீறீங்க? எங்க... கீ...றீ...ங்க..."

குரல் இறங்கி அடங்கியது. ஆட்டோ பழுதாகிவிட்டது என்று பக்கத்து வீட்டம்மா கரண்டியோடு ஓடி வந்தாள். அமைதி. அப்புறம் 'ம்ம்' என்று அந்த இரண்டு அடி. அவள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே!

அந்தத் தீபாவளிக்குத் திண்டிவனத்துப் பிள்ளைகள் அத்தனை பேர் வாயிலும் அதுதான். அம்மாக்கள் 'எங்கடா கீற' என்று கூப்பிட்டால், பிள்ளைகள் 'கீ...றே...ன்...' என்று செத்து விழுந்தார்கள். மற்ற விளம்பரக்காரர்களும் பிடித்துக்கொண்டார்கள். செஞ்சி பக்கம் ஒருவர், பிரம்மதேசம் பக்கம் ஒருவர். மரக்காணத்திலிருந்து மொபெட்டில் வரும் மீன்காரர், வஞ்சிரம் கீது, சங்கரா கீது என்று கனமாக ஆரம்பித்து, கடைசியில் இறங்கி, 'ம்ம்' என்று முடிப்பார். அது மாதா பாட்டு என்று அவருக்கு யார் சொன்னார்கள்?

சகாயம் சொந்தமாக ஒலிபெருக்கி வண்டி வாங்கினான். குரலுக்கு வேலை வந்துவிட்டது. ஆனால் மேடைப் பக்கம் தலை வைத்துப் படுக்கவில்லை.

பீரோ மேல் இருந்த சி.டி.

சென்னை போன ஒரு சமயம் அந்த ஆல்பத்தின் சி.டி.யை வாங்கி வந்து கொடுத்தேன். அவன் மேலுறையைக்கூடப் பிரிக்கவில்லை. பீரோ மேல் போட்டுவிட்டான். போகும்போதெல்லாம் பார்ப்பேன். அதன் மேல் தூசி படியும், துடைப்பேன், திரும்பப் படியும்.

"ஒரு தடவ கேளேன்டா. பேய் ஒண்ணும் இல்ல அதுல."

"கேட்டா இன்னா அக்கா ஆவும்? நான் பேசறது மொத்தமும் தப்புன்னு தெரியும். அது எனக்கு முன்னாடியே தெரியும்."

அவன் பயம் எனக்குப் புரிந்தது. அசலைக் கேட்டுவிட்டால் தன்னிடம் ஒன்றுமே மிஞ்சாது என்று பயந்தான். நான் மட்டும் கேட்டிருந்தேன், பலமுறை. என் மகள் அமலா கல்லூரி வயதுக்கு வந்தபோது கைப்பேசியில் அதைப் போட்டுக்கொண்டே சமைத்தேன். எனக்கு ஒட்டவே இல்லை. அந்த ஆள் கடைசிவரை தெம்பாக இருக்கிறான். இவன் ஏன் களைப்பே ஆகவில்லை என்று எனக்குக் கோபம்கூட வந்தது. அமலா என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

மறுபடி தகரக் கூரை

அமலாவும் விழுப்புரத்தில் அதே கல்லூரியில்தான் சேர்ந்தாள். கூரை மட்டும் புதுத் தகரம். கல்லூரி விழாவுக்கு என்னைக் கூப்பிட்டாள். அன்றைக்குச் சகாயத்துக்கும் விழுப்புரத்தில் ஒரு நகைக்கடை விளம்பரம் இருந்தது, அவன் வண்டியிலேயே போனோம். உள்ளே வாடா என்றேன். "நீங்க போங்க. நான் வண்டிய பாத்துக்கறேன்" என்று வாசலிலேயே நின்றுகொண்டான்.

மாணவர் நிகழ்ச்சிகள் ஓடின. நான் வழக்கம்போலச் சுவரோரம். அப்போது மேடைக்கு நாலு பேர் வந்தார்கள். மூன்று பையன்கள், ஒரு பெண். தாளம் கைப்பேசியிலிருந்து வந்தது.

முன்னால் நின்றவன் மரக்காணம் பக்கத்துக் கடலோரக் குப்பத்துப் பையன் என்று அமலா காதில் சொன்னாள். பெயர் வேலு. அவன் கடலைப் பற்றிப் பேசினான். வலை, டீசல், அப்பா, திரும்பி வராத ஒரு படகு. சூடாகத் தொடங்கினான். போகப் போகக் குரல் கனத்தது. என் முந்தானை என் கையில் இறுகியது. இவன் என்ன செய்யப் போகிறான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நாலு பேரும் சேர்ந்து கடைசி வார்த்தையைப் பிடித்து இழுத்தார்கள். இறங்கினார்கள். அடங்கினார்கள். தலையைத் தொங்கப் போட்டார்கள்.

பிறகு நாலு பேரும் வாய் திறக்காமல் 'ம்ம்' என்று அந்த இரண்டு அடிகளை முனகினார்கள். ஜாபர் பாய், மிச்ச டேப்பை வெறுமனே விட மனமில்லாமல் போட்ட மாதா பாட்டு.

கைதட்டல் கூரையைத் தூக்கியது. நான் அழுதேன். ஒளித்து அழவில்லை, வாய்விட்டே அழுதேன்.

அவர்கள் இறங்கி வந்ததும் வேலுவைப் பிடித்துக்கொண்டேன். "கடைசில முனகினீங்களே, அது இன்னா பாட்டு தெரியுமா?"

"பாட்டு இல்லீங்க ஆண்ட்டி. எங்க ஊர் பக்கத்து ஸ்டைலு அது. சாமி பேர சொல்ற மாதிரி, அப்படித்தான் முடிக்கணும்."

அவன் கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்துக்கொண்டு போனேன். மற்ற மூன்று பேரும் பின்னால் வந்தார்கள். சகாயம் வண்டிக்குள் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அரங்க வாசலில் கட்டியிருந்த ஒலிபெருக்கி வழியாக எல்லாவற்றையும் கேட்டிருக்கிறான். கண் சிவந்திருந்தது.

"இவருதான்" என்றேன். வேலு வண்டியின் மேலிருந்த ஒலிபெருக்கியைப் பார்த்தான்.

"தாவணி கீது அண்ணனா?" என்று வேலு கத்தினான். "சின்ன வயசுல உங்க வண்டி பின்னாடி ஓடியே என் செருப்பு தேஞ்சிருக்குண்ணா!"

கூட இருந்த பெண் கேட்டாள், "அண்ணா, கடைசில அந்த ம்ம் எதுக்கு? ரொம்ப நாளா எங்களுக்குள்ள சண்டை."

சகாயம் வண்டியை விட்டு இறங்கினான். இருபது வருடமாக அவனை அடித்த அந்த வார்த்தையை, அவனே எடுத்து அவர்கள் முன்னால் வைத்தான்.

"பேட்டரி தீர்ந்து போச்சும்மா. டேப்பு மட்டும் மிச்சம் இருந்துச்சி. அதுக்குத்தான்."

அவர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஏதோ பெரிய தத்துவம் என்று நினைத்துத் தலையாட்டினார்கள்.

விக்கிரவாண்டியில் டீ

திரும்பும் வழியில் விக்கிரவாண்டியில் டீக்கு நிறுத்தினான். வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அமலாவிடம், "பாப்பா, உன் போன்ல அந்த ஆளு கீறாரா? போடு, கேப்போம்" என்றான்.

நான் குறுக்கே பேசினால் மனசு மாறிவிடுவான் என்று பயம்.

முதல் பாட்டு வந்தது. சகாயம் சிரித்தான். "ஆளு செம ஜல்தி." அவன் விரல் வண்டியின் கதவில் தாளம் போட்டது. அவன் முகத்தில் பயம் இல்லை. இனி எந்த அசலாலும் அவனிடமிருந்து எதையும் பிடுங்க முடியாது. அதை அந்தக் குப்பத்துப் பையன் பார்த்துக்கொண்டான்.

அமலா கடைசிப் பாட்டுக்குப் போனாள். சகாயம் குனிந்து கைப்பேசிக்குக் காதைக் கொடுத்தான். எங்கள் கேசட்டில் குரல் அடங்கிய அந்த வார்த்தை வரப் போகிறது என்று எங்கள் இருவருக்கும் தெரியும். வந்தது. இறங்கவில்லை, அடங்கவில்லை, அந்த ஆள் அதைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தான். தன் தெருக்காரர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகக் கூப்பிடத் தொடங்கினான். சகாயம் கையைத் தூக்கினான். அமலா நிறுத்திவிட்டாள்.

"மாமா, இன்னும் இருக்கு. முக்கியமான இடமே இனிமேதான்."

"இருக்கட்டும் பாப்பா. அதுவரிக்கும் நம்மளுது. மீதி அவருது."

டீக் கடைக்காரரிடம் டம்ளரைக் கொடுத்துவிட்டு வந்து வண்டியைக் கிளப்பினான். வாயை மூடிக்கொண்டு 'ம்ம்' என்று முனகியபடியே ஓட்டினான். கூட்டேரிப்பட்டு வந்தது, போனது. திண்டிவனம் வரும் வரைக்கும் நான் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.